சாகுலுக்கும் காப்பு

எழுபத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாதம். அரியலூர் காலேஜில் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு ஊருக்கு வந்த தர்மனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. விக்கிரமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் அவனுடையது. அப்பா அரியமுத்தும் அம்மா காத்தாயியும் ஊரார் வயலில் கூலிக்குப் போய்த்தான் அவனைப் படிக்க வைத்தார்கள். பள்ளிக்கூட லீவில்கூட அவன் சும்மா இருந்தவன் இல்லை. கடலை பிடுங்கப் போவான், கரும்பு வெட்டப் போவான். இந்தத் தடவை மண்வெட்டியைத் தொடப் போனவனை அரியமுத்தே தடுத்துவிட்டார்.

"வையிடா கீழ. ரிசல்ட்டு வர்ற வரைக்கும் சந்தோசமா இரு. வேலைன்னு போயிட்டா அப்பறம் எவன் ஒன்னய வுடப்போறான்?"

சந்தோசமாக இருப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தவன் வீட்டு வாசலில்தான் ஒரு நாள் மத்தியானம் சாகுல் ஹமீது பையோடு வந்து நின்றான்.

சாகுல் லப்பைக்குடிகாட்டுக்காரன். காலேஜுக்குப் பின்னால் ஓட்டு வீட்டு அறை ஒன்றில் இரண்டு பேரும் மூன்று வருஷம் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே விளக்கில் படித்தார்கள். மூன்று வருஷத்தில் சாகுல் ஒரு தடவைகூட இந்த ஊருக்கு வந்ததில்லை. சனிக்கிழமை ஆனால், அத்தா என்று அவன் கூப்பிடும் அப்பாவின் ஜவுளிக் கடையைப் பார்க்க ஊருக்குப் போய்விடுவான். திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு திரும்புவான்.

"என்னாடா மாப்ள, சொல்லாம கொள்ளாம?" என்றான் தர்மன்.

"சொன்னா வரவேணாம்னு சொல்லிருவியோன்னுதான். ஒங்க ஊரு திருவிழா சித்திரையிலதான வரும்? பாத்துட்டுப் போறேன்."

காத்தாயி அவசரமாகச் சேலைத் தலைப்பால் கயிற்றுக் கட்டிலைத் தட்டிவிட்டாள். "ஒக்காருப்பா. எங்க வூட்டுல சாப்புடுவியா ராசா?"

"மூணு வருசமா நீங்க குடுத்தனுப்புன ஊறுகாயத்தாம்மா தின்னேன். இப்ப என்ன புதுசா கேக்குறீங்க?"

அன்றிலிருந்து ஆரம்பித்தது அவர்களுடைய ஊர் சுற்றல். சாகுலுக்கு எல்லாமே வேண்டியிருந்தது. கிணற்றில் மேல்படியிலிருந்து குதிக்க வேண்டும் என்றான். குதித்து, மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, மறுபடியும் ஏறிக் குதித்தான். ஜெயங்கொண்டத்துக்கு அரியமுத்துவின் சைக்கிளில் இரண்டு பேரும் மாறி மாறி மிதித்துக்கொண்டு போய் மேட்னி படம் பார்த்தார்கள். படம் விட்டு வரும் வழியில் முந்திரிக் காட்டில் இறங்கி, பழத்தைக் கடித்துச் சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டார்கள். முந்திரிக் கறை போகவே போகாது என்று காத்தாயி திட்டினாள். போகாட்டி இருந்துவிட்டுப் போகட்டும் என்று சாகுல் சிரித்தான். திருமானூருக்கு பஸ் ஏறிக் கொள்ளிடத்து மணலில் நாள் முழுக்கக் கிடந்தார்கள். கோடையில் ஆறு ஓரத்தில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் ஓடியது. அதில் குப்புறப் படுத்துக்கொண்டு சாகுல் மேற்கே போன பறவைகளைப் பார்த்தான்.

அவன் இப்படிச் சிரித்துத் தர்மன் பார்த்ததில்லை. அதே நேரம், சிரித்து முடித்த பிறகு அவன் முகம் சட்டென்று வேறு மாதிரி ஆவதையும் கவனித்தான். யாராவது சைக்கிளில் மணியடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தால் சாகுல் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவான். தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று தர்மன் நினைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எட்டாம் நாள் அவிழ்க்கிற வரைக்கும் அந்த ஊரில் சில கட்டுகள் உண்டு. வீட்டில் எண்ணெய் ஊற்றித் தாளிக்கக் கூடாது. கறி, மீன் ஆகாது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஊர் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறவர் பூசாரி அய்யாக்கண்ணு ஒருவர்தான். ஆனால் கட்டு எல்லோருக்கும். காப்புக் கட்டுகிற நேரத்தில் எல்லைக்குள் யார் இருந்தாலும், அப்புறம் வந்து ஒரு நாள் ராத்தங்கினாலும், அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அதனால் அன்றைக்குச் சாயங்காலம் மேளச் சத்தம் கேட்டதுமே வெளியூர் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவர் நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத் துருத்தியைத் தலையில் தூக்கிக்கொண்டார். வளையல்காரர், பாதி பேரத்தில் இருந்த பெண்ணிடம், "அடுத்த வாரம் வந்து மீதிக் கைக்குப் போடுறேன் தாயி" என்று சொல்லிவிட்டு ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்து சாகுல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்காதடா. நீயும் போறதா இருந்தா இப்பவே போயிடணும்" என்றான் தர்மன். "அப்பறம் எட்டு நாளைக்கி நவுர முடியாது."

"எனக்கென்ன, ஈயம் பூசற வேலையா கெடக்குது?"

அய்யாக்கண்ணு கோயில் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார். "எல்லைக்குள்ள இருக்கிற ஆளு, ஆடு, மாடு, பச்சப்புள்ள, கெழடு கட்ட, ஒறம்பர, விருந்தாளி அத்தினி பேருக்கும் காப்பு. மீறாதீங்க. ஆத்தா பாத்துக்குவா."

கொட்டு முழங்கியது. கூட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்ற சாகுல் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேற்குப் பக்கமாகக் களத்துக்குப் போய்த் துண்டை விரித்துத் தொழுதான். அதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. களத்தில் விளையாடிய பிள்ளைகளைக்கூட, "அந்தப் பக்கம் கத்தாதீங்கடா" என்று யாரோ ஒரு கிழவர் விரட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம் காதர் பாட்சா வந்தார்.

காதர் பாட்சா சாகுலுக்கு அம்மாவின் தம்பி, மாமு. சவுதியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு லீவில் வந்திருப்பவர். லப்பைக்குடிகாட்டிலிருந்து பெரம்பலூர், பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து விக்கிரமங்கலம் என்று பஸ் மாறி மாறி வந்து, வெயிலில் நடந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காத்தாயி கொடுத்த மோரைக்கூட வாங்கவில்லை.

"டேய் சாகுலு, கெளம்பு. விசா வந்துருச்சு. நாளைக்கு ராத்திரி அரியலூர்ல ரயிலு. திங்கக்கெழம பாம்பேல ஏஜெண்ட் முன்னாடி நிக்கணும். நிக்கலன்னா அத வேற ஆளுக்குக் குடுத்துருவானுவோ."

சாகுல் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"என்னால வர முடியாது மாமு. காப்பு கட்டியாச்சு."

"என்னாது?"

"நான் ஊருக்குள்ள இருக்கறப்ப காப்பு கட்டிட்டாங்க. செவ்வாக்கெழம வரைக்கும் வெளிய ராத்தங்கக் கூடாது."

காதர் பாட்சா அவனைப் பார்த்தார், அரியமுத்துவைப் பார்த்தார். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாத முகம். "ஏம்பா, ஒனக்கும் அதுக்கும் என்னாடா சம்பந்தம்?"

அதற்குள் வாசலில் ஆள் கூடிவிட்டது. ஒருத்தர் சிரித்தார். "அட, பாய் வூட்டுப் புள்ள நம்மள விடக் கண்டிசனா இருக்குதே" என்றார். சிலருக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அரியமுத்துதான் முன்னால் வந்தார்.

"அதெல்லாம் எங்களுக்குத்தாங்க. தம்பிய நாங்க கட்டுப்படுத்தல. நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க."

"அது எப்புடி?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்த வீட்டுச் செங்கமலம். இடுப்பில் பேரனை வைத்துக்கொண்டு நின்றாள். பையன் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. "எல்லைக்குள்ள இருக்கிற அத்தினி பேருக்கும்னு பூசாரி சொன்னாரா இல்லியா? போன வருசம் ஒருத்தன் கட்டை மீறி உடையார்பாளையத்துல படுத்துட்டு வந்தான். மறுவாரம் எம்பேரனுக்கு அம்ம வாத்துச்சு. கண்ணு போவாம பொழச்சதே பெருசு. இந்தப் புள்ள நம்ம சோத்தத் தின்னு நம்ம எல்லையில படுத்துருக்குது. போயிருச்சுன்னா அது நல்லா இருந்துக்கும். யாரு புள்ளைக்கு வரும்?"

சிரித்தவரும் வாயை மூடிக்கொண்டார்.

தர்மன் கதவுச் சட்டத்தில் சாய்ந்தபடி நின்றான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாகுலை முந்தியே எச்சரித்ததையும் அவன் தெரிந்தே தங்கியதையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே அவனுக்குச் சந்தோசமாக இருந்தது. இன்னும் ஐந்தாறு நாள். தீமிதி பார்க்கலாம், காப்பு அவிழ்த்ததும் தஞ்சாவூர் போகலாம். விசா இன்னொன்று வராமலா போகும்?

காதர் பாட்சாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "வயசுப் புள்ளைய என்ன சொல்லி மயக்கி வெச்சிருக்கீங்க? அவங்க அத்தா மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்குறாரு. ரெண்டு எட்டு நடந்தா ஒக்காந்துர்றாரு. கடையைத் தொறந்தா தொறந்தபடி கெடக்குது. மூத்தவன் ஒருத்தன் அனுப்பறத வெச்சு எத்தினி நாளு ஓட்டறது? இந்த விசா போச்சுன்னா ஊர்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா? அரியமுத்துன்னு ஒருத்தர் வூட்டுல புடிச்சு வெச்சுக்கிட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க."

அரியமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாழ்க்கையில் யாரிடமும் பேச்சு வாங்கக் கூடாது என்று ஒதுங்கியே போனவர். மகனுடைய சிநேகிதனின் மாமன், வெயிலில் நடந்து வந்த மனுஷன், தன் வாசலில் நின்று இப்படிச் சொல்லும்படி ஆகிவிட்டது. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, "திருவிழா முடிஞ்சதும் நானே வந்து ஒங்க மச்சானப் பாத்து மன்னிப்புக் கேட்டுக்கறேங்க" என்றார்.

"மன்னிப்பு வெச்சு என்னாங்க செய்யறது?"

பொழுது சாயத் தொடங்கியது. ஒருத்தர் காதர் பாட்சாவிடம், "பாய், நீங்களும் இருட்டறதுக்குள்ள எல்லைய தாண்டிருங்க, இல்லாட்டி ஒங்க பாடும் இதேதான்" என்றார். அவர் திடுக்கிட்டார். "நான் ஏம்பா இங்க இருக்கேன், விக்கிரமங்கலத்துல எங்காளுங்க வூடு இருக்குது" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். வளையல்காரரைவிட வேகமாகத்தான் போனார். போகிற போக்கில் திரும்பி, "நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணி பஸ்ஸு. மதகுக்கு அந்தாண்ட நிப்பேன். வந்தா வா, இல்லாட்டி ஒன் இஷ்டம்" என்றார்.

சாகுல் யாரிடமும் பேசாமல் கிணற்றடிக்குப் போனான். தர்மன் பின்னாலேயே போனான். கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து சாகுல் கால்களைத் தொங்கப் போட்டிருந்தான்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். விசா வரப்போவுதுன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். எந்நேரமும் தந்தி வரும், வூட்ட வுட்டு அசையாதன்னு மாமு சொல்லிருந்தாரு. அம்மாட்ட கூடச் சொல்லாம வந்துட்டேன். ஒன் வெலாசம் என் நோட்டுல இருந்துச்சு, அதப் பாத்துத்தான் மாமு வந்திருக்காரு."

"காப்புக் கட்டறதும் தெரிஞ்சுதான் வந்தியா?"

"நீதான சொன்ன, ரூம்ல, செகண்ட் இயர்ல. இந்த நாளுல யாரும் வெளிய போவ முடியாதுன்னு. அது அப்பயே மனசுல தங்கிருச்சு. ஒரு எடத்துல, யாரு கூப்புட்டாலும் நீ போவ முடியாது, அதுல ஒன் தப்பு எதுவும் இல்ல. நெனச்சுப் பாரு, எவ்ளோ நல்லாருக்கு."

தர்மனும் சுவரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்க அண்ணன ஒனக்குத் தெரியுமா?" என்றான் சாகுல். "போறதுக்கு முன்னாடி எங்க ஊர்லயே அவன மாதிரி பேசறவன் கெடையாது. வெள்ளாத்துல குதிச்சான்னா அந்தக் கரையிலதான் எந்திரிப்பான். நாலு வருசம் கழிச்சு லீவுல வந்தான். வாசல்ல ஒக்காந்து வெளிய பாத்துக்கிட்டே இருந்தான். அம்மா கேட்டா சிரிப்பான். அவ்ளோதான். அந்தாளு யாருன்னே எனக்குத் தெரியல. போறது எனக்குப் பயமில்லடா. போவத்தான் போறேன். எங்க ஊர்ல போவாம யாரு இருந்தா? ஒரே ஒரு கோடை வேணும்னு நெனச்சேன். பத்து வயசுலேர்ந்து கடையில துணிய மடிச்சேன், காலேஜ்ல படிச்சேன். போறதுக்கு முன்னாடி ஒரு தடவ, நான் எப்புடி இருப்பேன்னு நானே பாத்துக்கணும்னு இருந்துச்சு. அது தப்பா?"

"தப்பில்ல."

"அப்ப நான் இருந்துர்றேன்."

தர்மன் கிணற்றுக்குள் பார்த்தான். கீழே தண்ணீர் கறுப்பாக இருந்தது. இருந்துவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. வீட்டுப் பக்கம் திரும்பினான். அரியமுத்து வாசல் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். காத்தாயி சோற்றுத் தட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். அவர் தொடவில்லை.

"நீ இருக்கணும்னுதாண்டா எனக்கும் இருக்குது" என்றான் தர்மன். "மாமு பேசினப்ப நான் ஏன் வாயத் தொறக்கல தெரியுமா? உள்ளுக்குள்ள குதிச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா, மாப்ள, நீ எங்க ஆத்தாவ சாக்கு வெச்சுட்ட. செங்கமலத்துக்கா மெய்யாவே பயந்துபோயிக் கெடக்குது, அந்தப் புள்ளைய மார்லேர்ந்து எறக்கல. எங்கப்பா இன்னிக்கு வாங்குன பேச்சு மாதிரி என்னைக்கும் வாங்குனது இல்ல. ஒங்க அத்தாவுக்கு மூச்சு வாங்கறது எனக்குத் தெரியாமயே போச்சே. எங்கிட்ட நீ சொல்லவே இல்லியேடா."

"சொன்னா நீ அன்னிக்கே பஸ் ஏத்திருப்ப."

"ஆமா. ஏத்திருப்பேன்."

சாகுல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்பப் போவணும்னாலும் எப்புடிப் போறது? அந்தக்கா வுடாது" என்றான்.

"அத நான் பாத்துக்கறேன். நீ வந்து சாப்புடு. அப்பத்தான் எங்கப்பாவும் சாப்புடுவாரு."

மறுநாள் காலையில் தர்மன் கோயிலுக்குப் போனான். அய்யாக்கண்ணு ஈர வேட்டியோடு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். பூசாரி வேலை வருஷத்துக்கு எட்டு நாள்தான். மற்ற நாளில் கிணறு வெட்டுகிறவர். நேற்று நடந்ததெல்லாம் அவர் காதுக்கு வந்திருந்தது.

"சித்தப்பா, காப்புக்குள்ள மாட்டிக்கிட்டவங்க போயே ஆவணும்னா வழி இல்லியா?"

அவர் வேப்பிலையைக் கீழே வைத்தார். "இருக்குது. முன்ன ஒருக்கா பொண்ணு குடுத்த ஊர்ல சாவு வுழுந்துச்சு. ஒருத்தன் போயித்தான் ஆவணும்னு ஆயிருச்சு. அப்ப மாத்தாளு நிறுத்துனோம். போறவனோட கட்டையும் சேத்து இன்னொருத்தன் சொமக்கணும்."

"மாத்தாளுன்னா என்ன செய்யணும்?"

"பகல்லயும் எல்லைய தாண்டக் கூடாது. ராத்திரி கோயில் வாசல்ல படுக்கணும். ஒரு பொழுது உப்பில்லாத கஞ்சி. காப்பு அவுக்கற வரைக்கும் அதேதான். சொந்த பந்தம்தான் நிக்கணும்னு இல்ல. ஒரே அடுப்புல சாப்பிட்ட ஆளா இருந்தாப் போதும்."

"நான் நிக்கறேன்."

அய்யாக்கண்ணு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "காலேஜு படிச்சவன். இதையெல்லாம் நம்பறியாடா நீயி?"

"நம்பறனான்னு தெரியல சித்தப்பா. செங்கமலத்துக்கா நம்புது."

"ஸ்டேசனு வரைக்கும் போயி அவன ஏத்தி வுடக் கூட முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்" என்றான் தர்மன். கேட்கிற வரைக்கும் அதை அவன் யோசித்திருக்கவில்லை. ரயிலடியில் நின்று கையசைப்பதாகத்தான் ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

அய்யாக்கண்ணு செங்கமலத்தையும் நாலு பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். செங்கமலம் தர்மனையே பார்த்தாள். "ஒழுங்கா இருப்பியாடா? நடுவுல சைக்கிள எடுத்துக்கிட்டு சினிமா கொட்டாய்க்கு ஓடிற மாட்டியே?"

"மாட்டேன்க்கா."

"அப்ப சரி. நான் ஒண்ணும் அந்தப் புள்ளைக்கு எதிரி இல்ல. போற எடத்துல நல்லா இருக்கட்டும்" என்றாள். பேரனை முதல் தடவையாகத் தரையில் இறக்கிவிட்டாள். அவன் ஓடினான்.

சாகுலுக்குத் தீர்த்தம் தெளிக்க வேண்டாம், அது அவன் முறைக்கு ஒத்து வராது, போறேன் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று அய்யாக்கண்ணுவே முடிவு செய்தார். ஒன்று மட்டும் சொன்னார். "எல்லைய தாண்டினதும் திரும்பிப் பாக்கக் கூடாது தம்பி. பாத்தா கட்டு மாத்தாளையும் வுடாது, ஒன்னயும் வுடாது."

மாத்தாள் யார் என்று சாகுல் கேட்கவில்லை. ஊரில் யாரோ ஒரு பெரியவர் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. தர்மனும் சொல்லவில்லை.

மத்தியானம் காத்தாயி தாளிக்காத குழம்பை ஊற்றிச் சோறு போட்டாள். சாகுல் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "ராசா, அங்க போயி வேளா வேளைக்குச் சாப்புடு. யாரும் கேக்க மாட்டாங்க, நீயாத்தான் சாப்புடணும்" என்று சொல்லிக்கொண்டே அவள் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். அரியமுத்து அவன் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். வேண்டாம் வேண்டாம் என்று சாகுல் பிடுங்கப் பார்த்தும் விடவில்லை.

வாய்க்கால் மதகுதான் அந்தப் பக்கத்து எல்லை. மதகுக்கு அந்தாண்டை புளியமரத்தடியில் காதர் பாட்சா நின்றார். அரியமுத்து மதகைத் தாண்டிப் போய்ப் பையைக் கொடுத்துவிட்டுக் கைகூப்பினார். காதர் பாட்சா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து ஏதோ கோவத்துல பேசிப்புட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"புள்ளைங்க செஞ்சது. வுடுங்க."

சாகுல் மதகின் மேல் நின்றான். "வாடா, நீயும் ஸ்டேசன் வரைக்கும் வா. ரயிலு ராத்திரிதான. ஏத்திவுட்டுட்டுக் காலையில வந்துரு" என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். "ராத்தங்கக் கூடாது இல்ல? சரி, பஸ் ஏறி அரியலூர் வந்துட்டு, டீ குடிச்சிட்டு, அஞ்சு மணி பஸ்ஸுல திரும்பிரு."

"வர முடியாது மாப்ள."

"ஏன்? பகல்ல போலாம்னியே."

தர்மன் மதகின் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான். சாகுல் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனுக்குப் புரிந்தது.

"நீயாடா மாத்தாளு?"

"ம்."

"செவ்வாக்கெழம வரைக்கும் வெளியவே வர முடியாதா?"

"முடியாது."

"கோயில்லதான் படுக்கணுமா?"

"ஆமா. உப்பில்லாத கஞ்சி வேற."

சாகுல் சிரித்தான். கிணற்றில் குதித்து எழுந்தபோது சிரித்த அதே சிரிப்பு. அது பாதியிலேயே நின்றுபோயிற்று. தர்மனுடைய கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இழுத்து நெற்றியோடு நெற்றியை வைத்துக்கொண்டான். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அரியமுத்து வேறு பக்கம் பார்த்தார்.

"கடுதாசி போடுவியா?" என்றான் தர்மன்.

"போடறேன். ஒண்ணு சொல்லு. எங்கண்ணன் மாதிரி நான் ஆயிட்டேன்னா, நீ வந்து என்னைய அடிக்கணும்."

"அடிக்கறேன்."

"பலமா அடிக்கணும்."

"போடா, பஸ்ஸு வருது."

விக்கிரமங்கலம் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. சாகுல் மதகைத் தாண்டினான். தாண்டியவன் திரும்பவில்லை. காதர் பாட்சா ஏறினார், அவன் ஏறினான். இந்தப் பக்கத்து ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது. உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கழுத்து விறைத்திருந்தது. நேராக டிரைவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தர்மனுக்கு அவன் ஒரு தடவை பார்த்தால் தேவலை போலிருந்தது. பார்த்துவிடுவானோ என்று பயமாகவும் இருந்தது. பஸ் நகர்ந்தது. ஜன்னலில் சாகுலின் தலை, காது, முந்திரிக் கறை பட்ட சட்டைத் தோள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகின. வளைவில் பஸ் திரும்பும்போதும் அந்தத் தலை அசையவில்லை. அதற்குப் பிறகு புழுதி மட்டும்தான்.

அரியமுத்து வந்து மகன் பக்கத்தில் நின்றார். "வாடா, வெயில்ல நிக்காத" என்றார்.

"நீங்க போங்கப்பா. கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்."

அவர் போனார். குடத்தோடு வாய்க்காலுக்கு வந்த செங்கமலம் மதகடியில் நின்றாள்.

"போயிருச்சா அந்தப் புள்ள?"

"போயிட்டான்க்கா."

"திரும்பிப் பாத்துச்சா?"

"இல்ல. பாக்கல."

"நல்ல புள்ள" என்றாள் செங்கமலம். குடத்தைக் கழுவித் தண்ணீர் மொண்டாள். தர்மன் மதகின் இந்தப் பக்கத்திலேயே, எல்லையைத் தாண்டாமல், கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டான்.